கடலுக்குப் போகாத நாள்

என் அண்ணைக்கு ரேடியோவில் பிடித்தது பாட்டு இல்லை. காலைச் செய்தி முடிந்ததும் ஒரு பெண் குரல் வரும். இதே தேதியில் முன்பு உலகத்தில் என்னென்ன நடந்தது என்று அந்தக் குரல் வாசிக்கும். எங்கோ ஒரு ராசா முடிசூடியிருப்பார், எங்கோ ஒரு கப்பல் மூழ்கியிருக்கும், யாரோ ஒருவர் ஏதோ ஒரு மெசினைக் கண்டுபிடித்திருப்பார். அண்ணை முற்றத்து வேம்புக்குக் கீழே கால் பெருவிரலில் வலையை மாட்டி, அறுந்த வலைக்கண்களைப் பொத்தித் தைத்துக்கொண்டு அதைக் கேட்பான். கேட்டுவிட்டு எனக்குத் திருப்பிச் சொல்லுவான்.

"எடியே, இண்டைக்கு ஒரு பெரிய ராணி செத்துப்போனாவாம்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"தேத்தண்ணி போடு. துக்கத்துக்குக் குடிப்பம்."

தன் பிறந்த நாளன்று மட்டும் காதை ரேடியோவோடு ஒட்டிவைத்துக் கேட்டான். ஒன்றும் பெரிதாக வரவில்லை. "உலகம் முழுக்க அண்டைக்குச் சும்மா இருந்திருக்கு" என்றான். "நீ பிறந்ததே அண்டைக்குப் போதும் எண்டு விட்டிருப்பினம்" என்று சொன்னேன். வலை பின்னும் ஊசியால் என் தலையில் தட்டினான்.

டிசம்பர் இருபத்தாறில் ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சோவியத் நாடு கலைந்த நாள் என்று அந்தக் குரல் சொன்னது. பிறகு ஈரானில் நிலம் நடுங்கி ஒரு நகரமே விழுந்த நாள் என்றது. அதற்கு அடுத்த வருசம் இதே தேதியில் என்று தொடங்கி இந்தோனேசியா, இந்தியா, இலங்கை என்று அடுக்கியது. முடிந்த கையோடு பற்பசை விளம்பரம் வந்தது. அண்ணை ரேடியோவை நிறுத்தினான்.

"முதல் வருசம் அவங்கள், அடுத்த வருசம் நாங்கள். கலண்டரிலை ஒரு கட்டத்துக்குள்ளை எத்தினை பேரைத்தான் புதைக்கிறது?"

அடுத்த சில வருசத்தில் அந்தக் கட்டத்துக்குள் அவனும் போனான். எழுதவேண்டியது அதைத்தான்.

எங்கள் ஊர் பருத்தித்துறைக்குக் கிழக்கே, கடலுக்கு முதுகு காட்டாமல் நிற்கும் வீடுகள் உள்ள கரை. எல்லோரும் வேதக்காரர், கத்தோலிக்கர். எல்லோருக்கும் தொழில் கடல். சுனாமி வந்தபோது நான் பிறக்கவில்லை. எனக்கு ஒரு அக்கா இருந்தாள், ஏழு வயது. அண்ணைக்கு நாலு. தண்ணீர் வந்தபோது அப்பா ஒரு கையில் அவளையும் மற்றக் கையில் அவனையும் பிடித்துக்கொண்டு ஓடினார். பனைகளுக்கு அப்பால் வந்து பார்த்தபோது ஒரு கை வெறுங்கையாக இருந்தது. இதை அப்பா எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அம்மாதான் சொன்னா, அதுவும் ஒரேயொரு தடவை. அக்காவை எனக்குப் படத்தில்தான் தெரியும். முதல் நன்மை எடுத்த வெள்ளைச் சட்டையோடு, கையில் மெழுகுதிரியோடு, கண்ணை இமைத்தபடி நிற்பாள்.

கரையில் கோவிலுக்கு முன்னால் நினைவுக்கல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு டிசம்பர் இருபத்தாறும் காலை எல்லோரும் அங்கே கூடுவோம். அப்பா மைக்குக்கு முன்னால் நின்று, செத்த எல்லோருடைய பெயரையும் சொல்லுவார். கடதாசி பார்ப்பதில்லை. குடும்பம் குடும்பமாக, வீட்டு வரிசையில் மனப்பாடம். அக்காவின் பெயர் நடுவில் வரும். அந்த இடத்திலும் அவர் குரல் மாறாது. பிறகு தண்ணீர் வந்த நேரமான ஒன்பது இருபத்தைந்துக்கு எல்லோரும் கடலைப் பார்த்து மௌனமாக நிற்போம்.

அன்றைக்கு எங்கள் கரையிலிருந்து ஒரு படகும் இறங்காது. இது எங்கள் கடற்தொழிலாளர் சங்கத்தின் சட்டம். மீறினால் ஒரு மாதம் அந்தப் படகு தொழிலுக்குப் போக முடியாது. சட்டத்தை முதலில் கேட்டவர் அப்பாதான். "அண்டைக்கு எங்கடை சனத்தைத் திண்ட கடல். அண்டைக்கு மட்டும் அதிட்டை நாங்கள் ஒண்டும் வாங்கித் தின்னக் கூடாது" என்று கூட்டத்தில் சொன்னாராம். ஒருவரும் மறுத்துப் பேசவில்லையாம். அன்றைக்கு எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் மீன் வேகாது. பூனைகள்கூடக் கத்திக்கொண்டு திரியும்.

அண்ணை எங்களை விட்டுப் போன வருசம், டிசம்பர் இருபத்தைந்து நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் அப்பாவும் அவனும் வலை போட்டுவிட்டு வந்தார்கள். நத்தார் விடியப்புறம் எடுத்துவிட்டுப் பூசைக்குப் போவதென்று திட்டம். ஆனால் இரவு வாடைக்காற்று ஏறிக் கடல் பொங்கியது. நத்தாரன்று போக முடியவில்லை. வாடைக் காலத்தில் எங்கள் கரையில் அலை உடைப்பதால் சிலர் படகைப் பருத்தித்துறைத் துறைமுகத்தில் கொண்டுபோய்க் கட்டுவார்கள். எங்கள் படகும் அங்கேதான் கிடந்தது.

நத்தார் பொழுது பட்ட பிறகு கடலில் வரிசையாக வெளிச்சம் தெரிந்தது. இந்திய இழுவைப் படகுகள். அவை மடிவலையை இழுத்துக்கொண்டு போனால் வழியில் கிடக்கும் எங்கள் வலை துண்டு துண்டாகும். அந்த வலை புதிது, அண்ணை தானே மிதப்பும் ஈயமும் கட்டியது. அவன் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு வாசலில் நின்று வெளிச்சத்தையே பார்த்தான்.

"அப்பா, விடிய வெள்ளாப்பிலை நான் போய் எடுத்திட்டு வாறன். ஒரு மணித்தியால வேலை."

"நாளைக்கு என்ன நாள்?"

"தெரியும்."

"தெரிஞ்சால் ஏன் கதைக்கிறாய்?"

"உவங்கள் நாள் பாத்தோ வாறாங்கள்? இழுத்தாங்கள் எண்டால் நூல்கூட மிஞ்சாது."

"போனால் போகட்டும். கடல் திண்டதெண்டு நினை."

"கடல் திண்டதுக்கெல்லாம் நாள் வைச்சுக் கும்பிடுறியள். நான் உயிரோடை நிக்கிறன். எனக்கு வலை வேணும்."

அப்பா எழும்பினார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அம்மா குறுக்கே வந்து, "பெருநாளும் அதுவுமாச் சண்டை பிடியாமல் சாப்பிடுங்கோ ரண்டு பேரும்" என்றா. அப்பா கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்தார். அண்ணை எனக்கு ஒரு துண்டு கேக்கைத் தந்து, "நீ தின், குண்டாகு" என்றான். அவன் என்னோடு கதைத்த கடைசிக் கதை அது. வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

காலையில் அவனும் இல்லை, மோட்டார் சைக்கிளும் இல்லை. "கோவிச்சுக்கொண்டு பருத்தித்துறைக்குச் சிநேகிதப் பெடியளிட்டைப் போயிட்டான்" என்று அம்மா சொன்னா. "வரட்டும், அக்காவின்ரை நாளிலை நிக்காமல் போனதுக்கு இருக்கு." அப்பா வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

எங்கள் கரையில் ஏற்றிவைத்த படகுகளெல்லாம் கறுப்புக் கொடியோடு வரிசையாக நின்றன. எங்கள் இடம் வெறுமையாக இருந்தது. ஆனால் அது காற்றுத் தொடங்கிய நாளிலிருந்தே வெறுமைதான். அதை யாரும் பார்க்கவில்லை.

அப்பா பெயர் சொல்லத் தொடங்கினார். கால்வாசி போயிருக்கும். எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தர் மெதுவாகச் சொன்னார்.

"உங்கை பார். உவங்கள் இண்டைக்கும் வந்திட்டாங்கள்."

தூரத்தில் ஒரு படகு தெரிந்தது. அலைக்குக் குறுக்காகக் கிடந்து ஏறி இறங்கியது.

"சின்னப் போட்டெல்லே?"

"உவங்களிட்டை இப்ப பைபர் போட்டும் இருக்கு. எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இண்டைக்கு இறங்கமாட்டினம். உது அங்காலை ஆள்தான்."

"எவ்வளவு கிட்ட வந்திருக்கிறாங்கள் பாரன். வெக்கங் கெட்டவங்கள்."

"ஆள் நிக்கிறமாதிரித் தெரியேல்லையே" என்றா ஒரு மாமி.

"குனிஞ்சு நிண்டு எங்கடை வலையை இழுக்கிறாங்களணை. எப்பிடித் தெரியும்?"

சங்கத் தலைவர் திரும்பி, "ச்சூ! பேர் சொல்லினம். முடியட்டும், நேவிக்குச் சொல்லுவம்" என்றார். சனம் ஒருவரை ஒருவர் இடித்து, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தது. அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பெயரை நிறுத்தி மைக்கில் சொன்னார்: "கடலைப் பாக்கிறதை விட்டிட்டுப் பேரைக் கேளுங்கோ."

எல்லோரும் கேட்டார்கள். அக்காவின் பெயர் வந்தது. பெயர்கள் முடிந்தன. மணி அடித்தது. எல்லோரும் கடலைப் பார்த்து நின்று கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. அந்தப் படகையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் படகின் வெளிப்பக்கம் நீலம். அவ்வளவு தூரத்தில் நீலமும் கடலும் ஒன்றாகத்தான் தெரியும். கண்ணைத் திறந்து பார்த்த நானும் அவனை அறியவில்லை, கண்ணை மூடியவர்களும் அறியவில்லை.

மத்தியானம் தாண்டிப் படகு தானாகவே கரையடிக்கு வந்து கவிழ்ந்தது. அதன் பதிவு எண்ணை வாசித்த ஒரு பெடியன் எங்கள் வீட்டுப் பக்கம் ஓடிவந்தான். அதன்பிறகு சட்டம், கொடி ஒன்றையும் யாரும் பார்க்கவில்லை. இருந்த படகெல்லாம் இறங்கியது. தலைவர்தான் முதலில் குதித்தார், ஐம்பது வயது தாண்டிய ஆள். பொழுது படும்போது அண்ணையைக் கொண்டுவந்தார்கள். வலை காலில் சுற்றியிருந்தது. அவன் கட்டிய ஈயமே அவனைக் கீழே பிடித்து வைத்திருந்தது. பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் டொக்டர் காலையிலைதான் நடந்திருக்கும் என்றார். எத்தனை மணிக்கு என்று எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் கேட்கவில்லை. தெரியாமல் இருக்கட்டும் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

இருபத்தெட்டில் அடக்கம். அக்காவின் குழிக்கு இரண்டு குழி தள்ளி.

நான் கருவாடு காயப்போடும் வாடிக் கொட்டிலில் மீன் வெட்டுகிறவள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அங்கே சேர்ந்தேன். திரும்ப வேலைக்குப் போனபோது பெண்கள் என்னை அணைத்து அழுதார்கள். அழுது முடிந்த பிறகு கதை மாறியது. "எண்டாலும் அண்டைக்குப் போயிருக்கக் கூடாது." "நாளை மீறிப் போனால் கடல் விடுமோ?" நான் இருக்கிறேன் என்று தெரிந்தும் சொன்னார்கள். கெட்ட மனசோடு இல்லை, அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அன்று அந்தப் படகைப் பார்த்தது யாரென்று கேட்டால் ஒருவருக்கும் நினைவில்லை. ஊர் முழுக்கப் பார்த்த படகு அது.

அப்பா முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து தொழிலுக்குப் போனார். வீட்டில் அண்ணையின் பெயரைச் சொல்லமாட்டார். "அவன்ரை சாரம் கொடியிலை கிடக்கு, எடுத்து வை" என்பார். அவ்வளவுதான். காலையில் ரேடியோவை யாரும் போடுவதில்லை.

அடுத்த நத்தார் கிட்ட வந்தது. கார்த்திகை மழை தொடங்கியிருந்த ஒரு பின்னேரம் சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். அப்பா எஞ்சின் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தலைவர் தேத்தண்ணியை வாங்கிக் குடிக்காமலே வைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ. தம்பியின்ரை ஆண்டுப் பூசையை இருபத்தெட்டிலை வைப்பம். பங்குச் சுவாமியும் ஓம் எண்டிட்டார். சங்கமே வந்து நிக்கும்."

"இருபத்தெட்டு ஆரின்ரை நாள்?" என்று கேட்டா அம்மா.

"அடக்கம் செய்த நாள்தானே."

"என்ரை பிள்ளை செத்தது இருபத்தாறு."

"ஓம். ஆனால் அது சுனாமியிலை போன சனத்தின்ரை நாளெல்லே."

"அந்தத் தேதி உங்கடையோ? சங்கம் உறுதி எழுதி வாங்கினதோ?"

தலைவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா பிளக்கைப் பார்த்தார்.

"உங்கடை மூத்தவளும் அதிலைதானே தங்கச்சி. நான் அதுக்காகத்தான் சொல்லுறன்."

"நானும் அதைத்தான் கேக்கிறன். அவளின்ரை பேரைச் சொல்லுவியள். அவளின்ரை தம்பியின்ரை பேரை விடுவியள். ஒரு வயித்திலை பிறந்ததுகள். ஒரே கடலிலை, ஒரே தேதியிலை போனதுகள். அவன் நாளை மீறினவன் எண்டு சொல்லுங்கோவன், ஏன் இருபத்தெட்டு எண்டு சுத்துறியள்?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"நீங்கள் சொல்லேல்லை. உங்கடை மனுசி வாடியிலை சொன்னவ."

தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. பிறகு அப்பாவிடம் சொன்னார்: "அண்ணை, பேர் சொல்லுறது நீங்கள். அவன்ரை பேரையும் நீங்கள் சேத்துச் சொன்னால் சங்கத்திலை ஒருத்தரும் மறிக்கமாட்டினம். அதுக்கு நான் பொறுப்பு."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அம்மா அன்று கேட்டது அந்த ஒன்றைத்தான். மைக்கில், சனத்துக்கு முன்னால், அண்ணையின் பெயர். அவன் குற்றவாளி இல்லை என்று ஊர் கேட்கவேண்டும். அது இப்போது அப்பாவின் கையில் வந்து நின்றது.

"நான் சொல்லமாட்டன்" என்றார் அப்பா.

தலைவர் போன பிறகு அம்மா கத்தவில்லை. அப்பாவுக்கு முன்னால் நிலத்தில் இருந்தா.

"சட்டம் போட்ட ஆள். அதுதானே?"

"சட்டமில்லை."

"பிறகென்ன?"

"அவன் அங்கை கிடந்து துடிக்கேக்கை இஞ்சை மைக்கிலை நிண்டு பேர் சொன்னது இந்த வாய். கடலைப் பாக்காதேங்கோ எண்டு சனத்துக்குச் சொன்னதும் இந்த வாய். அதே நாளிலை, அதே இடத்திலை நிண்டு அவன்ரை பேரையும் சொல்லு எண்டுறியோ?"

அம்மா கொஞ்சம் கிட்ட நகர்ந்தா. பிறகு கேட்டா.

"நீங்கள் சொன்ன பேருகள் அவனுக்குக் கேட்டிருக்குமோ?"

அப்பா யோசித்தார். ஆறுதலுக்காக அவர் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. காற்றைக் கேட்டால் காற்றைத்தான் சொல்லுவார்.

"வாடைக்காத்து. கடலிலையிருந்து கரைக்கு அடிக்கிறது. சத்தம் அங்கை போகாது. கேட்டிராது."

"அவன் கூப்பிட்டிருந்தால்?"

அப்பா பிளக்கைத் திரும்பவும் துடைத்தார். காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது.

அம்மா பிறந்தது கொக்குவிலில், சைவக் குடும்பம். யுத்த காலத்தில் அந்த வலிகாமத்துச் சனமெல்லாம் ஒரே நாளில் வீடுவாசலை விட்டு வெளிக்கிட்ட இடப்பெயர்வில் இந்தப் பக்கம் வந்து, அப்பாவைக் கண்டு, ஞானஸ்நானம் எடுத்துக் கட்டியவ. பிறந்த வீட்டார் அதன் பிறகு கதைப்பதில்லை. அந்த வீட்டைப் பற்றி அம்மாவும் எங்களுக்குச் சொல்லுவதில்லை. தலைவர் வந்துபோய் இரண்டு மூன்று நாள் கழித்து, பருத்தித்துறைச் சந்தையில் ஒரு கடையில் விற்காமல் கிடந்த, அந்த வருசத்து நாள் கிழிக்கிற கலண்டர் ஒன்றை வாங்கிவந்தா. பிள்ளையார் படம் போட்டது. அதில் தேதிக்குக் கீழே சின்ன எழுத்தில் திதியும் நட்சத்திரமும் இருக்கும். அம்மாவுக்கு அந்த எழுத்துக் கண்ணுக்குப் பிடிபடாது. என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னா.

"எங்கடை கொக்குவில் வீட்டிலை செத்தவைக்குத் தேதி பாக்கிறேல்லை. திதிதான். வளர்பிறையோ தேய்பிறையோ, எத்தினையாம் நாள், அதுதான் கணக்கு. அண்ணை போனது வளர்பிறைச் சதுர்த்தி. நான் அண்டைக்கே கேட்டு வைச்சனான். அது இந்த முறை எப்ப வருது பார்."

பார்த்தேன். இருபத்தாறுக்குப் பத்து நாள் முன்னால் வந்தது.

"அம்மா, இது வருசா வருசம் மாறுமே?"

"மாறும்."

"பிறகு எப்பிடி ஞாபகம் வைக்கிறது?"

"வைக்கேலாது. ஒவ்வொரு வருசமும் தேடிப் பாக்கத்தான் வேணும்." கலண்டரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டா. "சுனாமி வந்த அண்டைக்குப் பறுவம், முழு நிலவு. இவன் போனது நாலாம் பிறை. நிலவுக் கணக்கிலை ரண்டும் ஒரு நாளில்லை. அவையின்ரை நாளை அவை வைச்சிருக்கட்டும். என்ரை பிள்ளைக்கு அவனுக்கெண்டு ஒரு நாள் இருக்கு."

"சுவாமி ஏசமாட்டாரே?"

"ஏசட்டும். ஏசினால் கேட்டுக்கொண்டிருப்பன்."

அப்பா வாசலில் இருந்து வலை மிதப்பை எண்ணிக்கொண்டிருந்தார். நிலவைப் பற்றிச் சொன்னபோது அவர் கை நின்றதைப் பார்த்தேன். கடற்தொழிலாளிக்கு நிலவை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. எந்தப் பிறைக்கு எந்த மீன், எந்த இருட்டுக்கு எந்த வலை என்று அவருக்குக் கை அறியும். அண்ணை போவதற்கு முந்திய இரவு நிலவு நேரத்தோடு விழுந்து இருட்டாகக் கிடந்ததும் தெரிந்திருக்கும். மிதப்பை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

அந்த நாள் வந்தது. அம்மா விடியவே தலை முழுகிவிட்டு அடுப்பு மூட்டினா. பூசணிக்காய், வாழைக்காய், பயற்றங்காய் எல்லாம் வெட்டிவைத்திருந்தா.

"அண்ணைக்கு மரக்கறியைக் கண்டாலே பிடியாது" என்றேன். "இலையைப் பாத்த உடனை எழும்பி ஓடியிடுவான்."

அம்மா அகப்பையோடு நின்று யோசித்தா. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முகத்தில் சின்னச் சிரிப்பு வந்தது. "திதிக்கு மீன் சமைக்கக் கூடாது. ஆனால் நான் பாதிச் சைவம், பாதி வேதம். சமையலும் அப்பிடியே கிடக்கட்டும். அப்பா கரைக்கு வந்திருப்பார். போய் ஒரு சுறாத் துண்டு வாங்கிக்கொண்டு வா, வறை வறுப்பம்."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன். நல்ல வெயில், கடல் எண்ணெய் ஊற்றினமாதிரிக் கிடந்தது. மார்கழியில் அப்படி ஒரு கடல் கிடைப்பது அரிது. அதனால் கரையில் ஒரு படகும் இல்லை, எல்லாம் வெளியே. எங்களுடையது மட்டும் மணலில் நின்றது. அப்பா அதன் நிழலில் சும்மா இருந்தார். கையில் வலையும் இல்லை, ஊசியும் இல்லை.

அந்த நேரம் முதற்படகு ஒன்று கரையேறியது. அதிலிருந்தவர் கயிற்றை இழுத்தபடியே கத்தினார்.

"என்னண்ணை, இப்பிடி ஒரு கடலை விட்டிட்டு இருக்கிறியள்? எஞ்சின் பிழையோ?"

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு."

"சுகமில்லையோ?"

"சுகத்துக்கென்ன."

"பிறகு? இண்டைக்கு உங்களுக்கு மட்டும் தனிப் பெருநாளோ?"

அவர் பகிடிக்குத்தான் கேட்டார். கூட வந்த பெடியள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"இண்டைக்கு நான் இறங்கேல்லை."

சிரிப்பு நின்றது. ஏனென்று பிறகு ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் கரையில் ஒரு ஆள் நல்ல கடலைப் பார்த்துக்கொண்டு இறங்காமல் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

நான் கிட்டப் போனேன். என் கையிலிருந்த கிண்ணத்தை அப்பா பார்த்தார்.

"என்ன?"

"அம்மா சுறா வாங்கிக்கொண்டு வரச் சொன்னவ. அண்ணைக்கு வறை…"

"மீன் வேண்டாம் எண்டு சொல்லு" என்றார். "இண்டைக்கு அதிட்டை ஒண்டும் வாங்கக் கூடாது."

வெறுங் கிண்ணத்தோடு வந்து அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தா. புகை இல்லாத அடுப்பு, ஆனால் கண்ணைத் துடைத்தா. மத்தியானம் அண்ணையின் படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவனுக்குப் பிடிக்காத மரக்கறியெல்லாம் வைத்தோம். அப்பா வந்து கால் கழுவி, படத்தைப் பார்க்காமல் இலைக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார். பூசணிக்காயை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். பிறகு மூன்று பேரும் சேமக்காலைக் கல்லறைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினோம். திரும்பும்போது அப்பா அக்காவின் குழியிலும் ஒரு திரி வைத்தார்.

பத்து நாளில் இருபத்தாறு வந்தது. கறுப்புக் கொடி, ஒலிபெருக்கி, பூத்தட்டு. அப்பா வெள்ளைச் சேட்டோடு நின்று பெயர்களைச் சொன்னார். அக்காவின் பெயர் வந்தது. அண்ணையின் பெயர் வரவில்லை. அம்மா அதை எதிர்பார்க்கவும் இல்லை. ஊருக்கு அவன் இப்போதும் நாளை மீறிப் போனவன்தான். வாடியில் இப்போதும் யாராவது சொல்லுகிறார்கள், கத்தி என் விரலில் படுகிறது.

மணி அடித்து எல்லோரும் கடலைப் பார்த்துத் திரும்பினோம். முன்பெல்லாம் அந்த நேரம் சனம் கண்ணை மூடும். அன்று நான் அக்கம் பக்கம் பார்த்தேன். தலைவர், அந்த மாமி, சுவாமி, சின்னப் பிள்ளைகள், ஒருவர்கூடக் கண்ணை மூடவில்லை. எல்லோரும் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கடலைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கடலில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா முன்னால் போய்விட்டா. அப்பா என்னோடு மெதுவாக நடந்தார்.

"வாற வருசம் அவன்ரை நாள் எப்ப வருது?"

அவன்ரை நாள் என்று அவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தரம்.

"புதுக் கலண்டர் இன்னும் வாங்கேல்லை அப்பா."

"வாங்கின உடனை பாத்துச் சொல்லு." கொஞ்சத் தூரம் நடந்த பிறகு திரும்பவும் சொன்னார். "முந்தியே சொல்லவேணும். அண்டைக்கு என்ரை வலை கடலிலை கிடக்கக் கூடாது."